டிசம்பர் 31 வரை செல்லுபடியாகும் கீரைக் கடை

இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள ஒரு மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கும் ஆற்றோரக் கம்பி வேலிக்கும் நடுவே, சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு இரண்டு மடக்கு மேசைகளை விரிக்கிறார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் மடக்கி வைத்துவிடுகிறார்கள். வேலிக்கு அப்பால், ஆற்றங்கரையில் அரசு ஒதுக்கிவைத்திருக்கும் ஒதுக்கு நிலத்தில் குடியிருப்பாளர்கள் போட்டிருக்கும் பதினான்கு பாத்திகளில் அன்று விடியலில் பறித்தவை மட்டுமே மேசைக்கு வரும். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நான் இங்கே வாங்கி வருகிறேன். குடியிருப்பின் பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. பயிரிட அனுமதி பெற்றிருக்கும் இவர்களுக்கு விற்பதற்கான உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் நேரத்தில் முகவரியை ஊரறியச் சொல்லி அவர்களுக்கு உபத்திரவம் கொடுக்க எனக்கு மனமில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள், கையில் கீரைக்கட்டோடு எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தை நோக்கி நடப்பவர்களைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கீரையைப் பொறுத்தவரை கோலாலம்பூரில் இதற்கு ஈடான கடையை நான் பார்த்ததில்லை. காங்கோங் எனும் வள்ளைக்கீரை, தண்டுக்கீரை, சிவப்புப் பாயாம் எனும் சிவப்புத் தண்டுக்கீரை ஆகிய மூன்றும் எல்லா வாரமும் உண்டு. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரும். மணத்தக்காளி அவரவர் அதிர்ஷ்டம். வேரோடு பிடுங்கி, வேர்மண்ணை வாளித் தண்ணீரில் ஒரு முறை அலசி, நனைத்த பழைய நாளிதழை வேர்ப்பகுதியில் மட்டும் சுற்றி, வாழைநாரால் கட்டித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரிக்காமல் ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்திவைத்தால், திங்கட்கிழமை இரவு ஒடிக்கும்போதும் தண்டு 'டக்'கென்று சத்தம் போடும். பேரங்காடியில் வாங்கிய கீரையோ ஞாயிறு மாலையிலேயே பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்து, நுனி கறுத்துக் குழைந்துவிடுகிறது. அதில் கீரையின் குற்றம் எதுவுமில்லை; வயலிலிருந்து மொத்தச் சந்தை, சந்தையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கடை என்று அது அலைந்த அலைச்சல் அப்படி. இங்கே ஒரு கட்டு, என் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தவரை, 280 முதல் 320 கிராம் வரை இருக்கிறது. வெளியாருக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்), குடியிருப்பில் வசிப்பவர்களுக்கு ஒரு வெள்ளி. நான் வழக்கமாகப் போகும் பேரங்காடியில் 250 கிராம் பொட்டலத்துக்கு இரண்டு வெள்ளி எழுபது காசு கொடுக்கிறேன். பொன்னாங்கண்ணி அங்கே கண்ணிலேயே படுவதில்லை.

காய்களைப் பற்றி இதே உற்சாகத்தோடு எழுத முடியவில்லை. வெண்டைக்காய் வரும் வாரங்களில் பிஞ்சாக, நல்லதாக இருக்கும். ஆனால் நான்கு பேர் வாங்கினால் தட்டு காலி. கத்தரிக்காயில் மூன்றில் ஒன்று புழு. கடையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அதை ஒளிப்பதில்லை. தனிக் கூடையில் போட்டு, "வெட்டிப் பார்த்து வாங்கிக்கோ, தம்பி" என்று பாதி விலைக்குத் தருகிறார். பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று சொல்வதற்கு இதைவிட நம்பகமான சான்றிதழ் எனக்குத் தேவையில்லை. 'ஆர்கானிக்' என்ற சொல்லை அவர் ஒருபோதும் பயன்படுத்தியதும் இல்லை. முறையான சான்று இல்லாமல் அந்தச் சொல்லை ஒட்டி விற்கக் கூடாது என்ற விவரம் பெரிய கடைகள் சிலவற்றைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மிளகாய் மட்டும் அபாரம். காம்பைக் கிள்ளும்போதே நெடி ஏறுகிறது. ஆனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, எலுமிச்சை, வாழைக்காய் ஆகிய எதுவும் இந்தக் கடையில் கிடையாது. முதல் சில மாதங்கள் இதைத் தோட்டக்காரர்களின் அக்கறைக் குறைவு என்றே நினைத்திருந்தேன். செந்தூலில், அதுவும் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு குடியிருப்பில், நிலத்தில் ஊன்றிய ஒரு முருங்கை மரம்கூட இல்லையென்றால் வேறு என்ன நினைப்பது?

காரணம் உரிமத்தில் இருக்கிறது. இந்த நிலத்தை அவர்கள் டி.ஓ.எல். என்று எல்லாரும் சொல்லும் தற்காலிக உரிமத்தில் வைத்திருக்கிறார்கள். தேசிய நிலச் சட்டத்தின் 65ஆம் பிரிவின் கீழ் வழங்கப்படும் இந்த உரிமத்தை எந்த மாதத்தில் வாங்கினாலும் அது அந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்துவிடும்; பிறகு புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. தனிநபர் பெயரில் இருந்தால் அவர் இறக்கும்போது உரிமமும் இறந்துவிடும். இந்தத் தோட்டத்தின் உரிமம், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு 'பாக் சிக்' (மலாயில் 'மாமா') பெயரில் இருக்கிறது. அவருக்கு வயது 74. அவர் இருமினால் பதினான்கு பாத்திகளும் பயப்படுகின்றன என்று அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இதை அறிந்த பிறகு கடையின் கரும்பலகையைப் படித்தால் அது விலைப்பட்டியல் போலவே தோன்றாது. உரிமத்தின் நகல் போலத் தோன்றும். காங்கோங்கும் தண்டுக்கீரையும் விதைத்த இருபத்தைந்து முப்பது நாளில் கைக்கு வந்துவிடும். வெண்டைக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் போதும். கத்தரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், அதற்கே யோசிக்கிறார்கள். முருங்கைக் குச்சியை ஊன்றினால் காய் பார்க்க அரை ஆண்டுக்கு மேல், எலுமிச்சைக்கு மூன்று ஆண்டு. டிசம்பரில் பிடுங்கச் சொன்னால் பிடுங்க வேண்டிய நிலத்தில் எவன் எலுமிச்சை வைப்பான்? நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு இவர்கள் புதிதாக எதையும் விதைப்பதே இல்லை. புதுப்பிப்புக் கடிதம் ஒரு முறை ஜனவரி மூன்றாம் வாரத்தில் வந்தது, மறுமுறை பிப்ரவரியில். ஆகவே, ஆண்டில் கீரையும் காயும் மிக அதிகமாகத் தேவைப்படும் பொங்கல் வாரத்தில், இந்தக் கடை இரண்டு முறையும் மூடியிருந்தது. ஆண்டுதோறும் காலாவதியாகும் ஒரு தாளை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொன்னால் தாமதம் அதன் உடன்பிறப்பாகத்தான் வரும்.

முருங்கை அடியோடு இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வேலியோரம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் பீப்பாயில் ஒரு முருங்கை நிற்கிறது. பீப்பாய்க்குக் கீழே, எங்கிருந்தோ கிடைத்த தள்ளுவண்டியின் நான்கு சக்கரங்களை ஒரு பலகையில் ஆணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். இரும்புச் சக்கரங்களில் இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டன. மரம் தோள் உயரம் வந்து, வேர் பீப்பாயில் முட்டி, அதற்கு மேல் வளராமல் இலை மட்டும் கொடுக்கிறது. எதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்டேன். "கடிதம் வரலேன்னா இவரையும் கூட்டிக்கிட்டு லிஃப்ட்ல ஏறிருவோம், தம்பி" என்றார் அக்கா. அவர் வீடு ஒன்பதாவது மாடியில்.

இவர்களுடைய முன்னோர் இதைவிடக் குறைந்த உரிமையோடு இதைவிட நல்ல தோட்டம் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இன்று கோலாலம்பூரின் வசதியான பேட்டைகளில் ஒன்றான பங்சாரின் பெயரே, அங்கிருந்த புஞ்ச்-கிரிசார் என்ற ரப்பர் தோட்டத்தின் பெயரிலிருந்து திரிந்து வந்தது. அத்தகைய தோட்டங்களில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலம் தொழிலாளியுடையது அல்ல. தோட்ட நிர்வாகியான துரை நினைத்தால் பறித்துவிடலாம். ஆனாலும் அடுத்த ஆண்டும் இங்கேதான் இருப்போம் என்ற ஒரு நிச்சயம் இருந்ததால், கொல்லைக்கு ஒரு முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் தவறாமல் நின்றன. அரசாங்கத்துக்கும் இந்த எண்ணம் புதிதல்ல. 1974ஆம் ஆண்டில், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது, பசுமைப் புத்தகத் திட்டம் என்ற பெயரில் சும்மா கிடக்கும் நிலத்தில் காய்கறி போடும்படி மக்களை அரசே ஊக்கப்படுத்தியது. அரை நூற்றாண்டு கழித்து, 2020 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 75.1 விழுக்காட்டினர் நகரவாசிகளாகிவிட்ட நிலையில், நிலம் என்றால் பெரும்பாலோருக்கு இத்தகைய ஒதுக்கு நிலம் ஒன்றுதான் மிச்சம்.

கடை யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இவ்வகைத் தோட்டங்களைப் புகழ்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு சனிக்கிழமை கடைசி வரை இருந்து எண்ணினேன்: கீரை 68 கட்டு, வெண்டை நான்கு கிலோ, கத்தரி ஆறு கிலோ, மிளகாய் சிறு பொட்டலங்கள் முப்பது. குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அதாவது, வெளியார் ஒருவரும் வராவிட்டாலும் நான்கைந்து வீட்டுக்கு ஒரு கட்டு, அதுவும் வாரத்தில் ஒரு வேளைக்கு. இதை வைத்துக்கொண்டு நகரத்துக்கே உணவளிக்கலாம் என்று பேசுவது அளவு தெரியாத பேச்சு. அதே சமயம் தேவை எவ்வளவு பெரிது என்பதும் மறைவான செய்தி இல்லை. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் உள்ள மலிவு விலை அடுக்குமாடிகளில் நடத்திய ஆய்வை யூனிசெஃப் 2018இல் வெளியிட்டது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தனர். பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. கீரை சாப்பிடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்னால், இரவுப் பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் ஒரு தாய்க்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வெள்ளிக்குக் கீரை எங்கே கிடைக்கும் என்பதை யோசிப்பது நல்லது.

முதல் ஆண்டில் இந்தக் கடையும் அந்தச் சோதனையில் தோற்றுத்தான் போனது. வெளியிலிருந்து காரில் வருபவர்கள் ஏழரைக்கே வரிசையில் நின்று, கட்டுக் கட்டாக அள்ளிக்கொண்டு போனார்கள். வந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை. எட்டரைக்குக் கீழே இறங்கிய குடியிருப்புப் பெண்களுக்கு வாடிய பாயாமும் புழுக் கத்தரியும் மிஞ்சின. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: எட்டேகால் வரை குடியிருப்பாளர்களுக்கு மட்டும், அதன் பிறகு வெளியார், அதுவும் ஆளுக்கு இரண்டு கட்டு. சென்ற மாதம் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஐந்து கட்டு கேட்டு, மறுத்ததும் முகம் சுளித்துப் போனார். அக்கா அசைந்துகொடுக்கவில்லை. சேவையில் இது குறையா நிறையா என்பது வாங்குபவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. வெளியார் வரிசையில் நிற்கும் நான் இதை நிறை என்றே எழுதுகிறேன்.

தூய்மையைப் பற்றிச் சுருக்கமாக. ஆற்றோர மண் எதைக் குடித்து வளர்ந்ததோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. பாத்திகள் எல்லாம் பலகை அடித்து உயர்த்தி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண் கொட்டியவை என்பதை நேரில் பார்த்த பிறகே குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். ஆற்று நீரைத் தொடுவதில்லை. மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பீப்பாய்களில் பிடிக்கிறார்கள். இதில்தான் ஒரு முறை வினை வந்தது: ஒரு பீப்பாயின் கொசுவலை கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, சோதனைக்கு வந்தவர்கள் புழுவைக் கண்டுபிடித்து அபராதம் எழுதிவிட்டார்கள். ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுத்தால், நீதிமன்றத்துக்குப் போகாமலே 500 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம் என்பது சட்டம். டிங்கி காய்ச்சலைப் பார்த்த எவரும் அந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு மாத வரவு அதில் போயிற்று. இப்போது ஒவ்வொரு பீப்பாய்க்கும் இரட்டை வலை போட்டு, வாரம் ஒருவர் முறை வைத்துப் பார்க்கிறார்கள். எருக்குழி வாடை பற்றி முதல் மாடிக்காரர்கள் புகார் செய்ததும் உண்மை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வரும் காய்த்தோலோடும் தேங்காய்ச் சக்கையோடும் காய்ந்த இலையைச் சரிபாதி கலக்கத் தொடங்கியதிலிருந்து வாடை அடங்கியிருக்கிறது. என் மூக்குக்கு மழை நாளில் இன்னும் தெரிகிறது.

இத்தகைய கடைக்கு என்ன அவசியம், சந்தை இல்லையா என்று கேட்பவர்கள் 2020ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். கோவிட் தொற்றைத் தடுக்க மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும், சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் கேமரன் மலையில் விவசாயிகள் ஏற்றி அனுப்ப வழியில்லாமல் காய்கறிகளைக் கொட்டி அழித்தார்கள். ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தைப் பகுதி முள்வேலிக்குள் போனது. ஒரே ஒரு வழியில் வரும் பொருள் அந்த வழி அடைபட்டால் வராது. அதே ஆண்டில் நாட்டின் உணவு இறக்குமதி 55.5 பில்லியன் வெள்ளி. முட்டைக்கோஸ் கேமரன் போன்ற குளிர்ந்த இடங்களிலிருந்துதான் வர வேண்டும், வெங்காயம் கடல் கடந்துதான் வர வேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் சமையலறைகள் பட்ட பாட்டை எந்த ஆற்றோரத் தோட்டமும் தீர்த்திருக்காது. ஆனால் முப்பது நாளில் வளர்ந்து, பறித்த முப்பது மணி நேரத்தில் வாடும் கீரையை லாரியில் ஏற்றி ஊர் சுற்றவைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் வளர வேண்டிய பயிர் ஒன்று உண்டென்றால் அது கீரைதான். அதோடு மிளகாயும் கறிவேப்பிலையும்.

ஆகவே இந்தக் கடைக்குக் குறைக்க வேண்டிய மதிப்பெண்களை யார் கணக்கில் குறைப்பது என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தேசிய வேளாண் உணவுக் கொள்கை 2.0 என்று 2021 முதல் 2030 வரைக்கும் ஒரு கொள்கை இருக்கிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் தன் லோக்கல் அஜெண்டா 21 என்ற நிலைத்த வளர்ச்சித் திட்டத்தின் வழியாகச் சமூகத் தோட்டங்களுக்கு ஆதரவும் கொடுத்து வந்திருக்கிறது. ஊக்கத்துக்கும் விதைக்கும் குறைவில்லை. குறைவாக இருப்பது காலம். சிங்கப்பூரில் பூங்காக் கழகம் வாடகைப் பாத்தித் திட்டத்தைத் தொடங்கியபோது, இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தியை ஆண்டுக்கு 57 சிங்கப்பூர் வெள்ளி என்று மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்தது. ஒரு கதவு அகலமே உள்ள பாத்திக்கு அங்கே மூன்று ஆண்டு உறுதி. இங்கே பதினான்கு பாத்திக்கு டிசம்பர் வரை. குடியிருப்போர் குழுவின் பெயரிலேயே, ஒரு தனி மனிதரின் ஆயுளைச் சாராமல், குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒதுக்கு நிலத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் கொடுத்தால் போதும். ஆற்றுப் பணிக்கு நிலம் தேவைப்பட்டால் ஆறு மாத முன்னறிவிப்பு என்று அதிலேயே எழுதிக்கொள்ளலாம். விளைந்த இடத்திலேயே விளைந்ததை மட்டும் விற்பதற்கு அங்காடிக்காரர் உரிமத்தின் முழுச் சடங்குகளும் வேண்டாம். வாரம் ஒரு காலைக்கு ஓர் எளிய அனுமதிச் சீட்டு வேண்டும். புதிதாகக் கட்டப்படும் மலிவு விலை அடுக்குமாடிகளில் வாகன நிறுத்தத்துக்கு இத்தனை இடம் என்று கணக்கிடுவதுபோல, தண்ணீர்க் குழாயோடு பாத்திக்கு இத்தனை இடம் என்றும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். கீரைக்கு ஐந்துக்கு ஐந்து, தயக்கமே இல்லை. மிளகாய்க்கு நாலரை. மற்ற காய்களுக்கு இரண்டரை. விலைக்கும் நேர்மைக்கும் ஐந்து. வாங்கும் வசதிக்கு இரண்டு: கூரை இல்லை, மழை பெய்தால் கடை இல்லை, அக்டோபர், நவம்பரில் பாதிச் சனிக்கிழமைகள் அப்படியே போய்விடும். கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி கிடையாது, சில்லறை கொண்டுபோவது நல்லது. பையும் நீங்களே கொண்டுபோக வேண்டும். மறந்துவிட்டால் நாளிதழில் சுற்றித் தருவார்கள், மோட்டாரில் வருபவர்களுக்கு அது பாதி வழியில் அவிழும். வெளியார் எட்டேகாலுக்கு முன்னால் போய் நிற்பதில் பயனில்லை. எட்டரைக்கு மேல் போனால் பொன்னாங்கண்ணி இருக்காது. டிசம்பரின் கடைசி இரண்டு சனிக்கிழமைகளில் இருப்பதையெல்லாம் பறித்துக் கட்டு ஒரு வெள்ளிக்கு எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு எப்போது திறப்பீர்கள் என்று அக்காவைக் கேட்டால், கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும் உரிமத்தின் நகலைக் காட்டுவார். அடுத்த ஆண்டுக்கான நகல் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தால், அந்த வாரத்திலிருந்து சரியாக முப்பது நாள் கழித்துப் போகலாம்.